சொல்லிட்டுப் போங்க

ஜூன் மாசம் என் மகள் ஐதராபாத்துக்குக் கிளம்பினாள். முதல் வேலை. இரண்டு பெட்டி, ஒரு முதுகுப் பை, ஒரு டப்பா இட்லிப்பொடி. கீழே டாக்ஸி வந்து ஹாரன் அடிக்கிறது. எதிர் ஃபிளாட் ஆஜி (இங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒரு ஸ்பூன் தயிரைக் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் விட்டார். பயணம், பரீட்சை என்று கிளம்புகிறவர்களுக்குத் தயிர் கொடுப்பது மராத்திக்காரர்கள் வழக்கம். மகள் அதைச் சாப்பிட்டுவிட்டு, குனிந்து ஆஜி காலைத் தொட்டு, "யேத்தே, ஆஜி" என்றாள். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி, "ஓகேப்பா, ஓகேம்மா... பை!"

லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. 'யேத்தே' என்றால் 'வருகிறேன்'. கிளம்பும்போது 'ஜாத்தே', அதாவது போகிறேன், என்று மராத்தியில் சொல்லக் கூடாது. பிள்ளைகள் வாய்தவறிச் சொன்னால் பெரியவர்கள் உடனே திருத்துவார்கள். ஆஜி இருபது வருஷமாகத் திருத்தித் திருத்தி என் மகளுக்கு அது தானாக வருகிறது. நாங்கள் திருத்தவில்லை. எங்களுக்கு 'பை' கிடைத்தது. யாரைக் குறை சொல்ல?

நான் 1998-ல் புனே வந்தவன். அம்பாசமுத்திரம் பக்கம் ஊர். என் ஆச்சி இருந்தவரை எங்கள் வீட்டில் 'போறேன்' என்று சொல்லிவிட்டு ஒருத்தரும் படி இறங்க முடியாது. தெருமுனைக் கடைக்கு வெல்லம் வாங்கப் போனாலும் 'போயிட்டு வாறேன்'தான். மறந்து மாற்றிச் சொன்னால் திரும்ப உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்ப வேண்டும். காலேஜ் படிக்கும்போது இதெல்லாம் மூடநம்பிக்கை என்று ஆச்சியோடு சண்டை போட்டிருக்கிறேன். ஆச்சி ஜெயித்தார், வழக்கம்போல.

அப்புறம் இங்கே வந்து நாலு பாஷைக்காரர்களோடு குப்பை கொட்ட ஆரம்பித்தபிறகு ஒன்று தெரிந்தது. ஆச்சி தனியாள் இல்லை. எங்கள் ஆலையில் ஷிஃப்ட் முடியும் நேரம் கேட் பக்கம் நின்று காது கொடுத்தால் போதும். வங்காளி 'ஆஷி' என்பார், வருகிறேன் என்று அர்த்தம். குஜராத்திக்காரர் 'ஆவ்ஜோ' என்பார், மறுபடி வாருங்கள் என்று. கன்னடத்தில் 'ஹோகி பர்தீனி', தெலுங்கில் 'வெள்ளொஸ்தானு', மலையாளத்தில் 'போயிட்டு வராம்', எல்லாம் நம்ம 'போயிட்டு வாறேன்'தான், அச்சு அசலாக. சொல்லிவைத்த மாதிரி இத்தனை பேரும் 'போகிறேன்' என்ற வார்த்தையை வெறுமனே விடப் பயப்படுகிறார்கள். ஹிந்திக்காரர்கள்தான் 'சல்தா ஹூம்' என்று கொஞ்சம் தைரியமாக இருக்கிறார்கள். அவர்களும் 'அல்விதா' என்ற சொல்லை லேசில் எடுக்க மாட்டார்கள். அது கடைசிப் பிரிவுக்கு. அதைச் சொல்லாதே என்பதையே 2006-ல் ஒரு ஷாருக் கான் படத்துக்குப் பெயராக வைத்தார்கள்.

ஆங்கிலத்தையும் குறை சொல்வதற்கில்லை. 'குட்பை' என்பதே 'கடவுள் உன்னோடு இருக்கட்டும்' என்ற நீளமான வாக்கியம் தேய்ந்து வந்ததுதான். 'குதா ஹாஃபிஸ்' என்கிறார்களே, கிட்டத்தட்ட அதே. அதைத் தேய்த்துத் தேய்த்து, கடவுளும் போய், கூட இருப்பதும் போய், கடைசியில் 'பை' மட்டும் மிச்சம். பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற நமக்குப் பொருத்தம்தான்!

இந்த ஊர்க்காரர்கள் சாமியைக்கூடச் சும்மா அனுப்புவதில்லை. கணபதியைக் கரைக்க எடுத்துப் போகும் முன்னால் அவர் கையிலும் கொஞ்சம் தயிர் வைப்பார்கள். வழிநெடுக 'அடுத்த வருஷம் சீக்கிரம் வா' என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். அனந்த சதுர்த்தசி அன்று லக்ஷ்மி ரோட்டில் அந்த ஊர்வலம் ஒரு நாளைத் தாண்டியும் நீளும். வந்த முதல் வருஷம், எதற்கு இந்த ஆர்ப்பாட்டம், டிராஃபிக் வேறு, என்று எரிச்சலாக இருந்தது. இப்போது நானும் கத்துகிறேன்.

அப்பா எழுதும் இன்லண்ட் லெட்டர் எல்லாம் 'மற்றவை நேரில்' என்று முடியும். உங்கள் வீட்டுக் கடிதங்களும் அப்படித்தான் முடிந்திருக்கும். எழுத இடம் இருந்தாலும் அப்படித்தான் முடிப்பார். அப்புறம் எஸ்.டி.டி. பூத் வந்தது. ராத்திரி கட்டணம் குறைகிற நேரத்துக்குக் க்யூவில் நின்று பேசுவோம். சிவப்பு நம்பர் மீட்டரில் ஓடிக்கொண்டே இருக்கும். "வச்சிடட்டுமா?" என்று கேட்டால் "சரி, வையி" என்பார் அம்மா. உடனே "சாப்பிட்டியா?" என்பார். ஆரம்பத்தில் கேட்டதுதான். நான் பதில் சொல்லி, திரும்ப "வச்சிடட்டுமா", திரும்ப ஏதாவது. போனை வைப்பதற்கே தனியாக ஒரு பத்து ரூபாய் ஆகும். இப்போது வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிறோம், காசு ஒரு பொருட்டே இல்லை, சிவப்புப் பொத்தானைத் தட்டினால் முடிந்தது. சில நாள் அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே தட்டிவிடுகிறேன்.

ஒரே ஒரு முறை யாரிடமும் சொல்லாமல் கிளம்பியிருக்கிறேன். 2005-ல் மனைவிக்கு ஒரு ஆபரேஷன். மகளுக்கு இரண்டு வயது. இரண்டு மாதம் ஊரில் அம்மாவிடம் விட்டுவிட்டு வர வேண்டிய நிலைமை. 'சொன்னா அழுவா, அப்படியே போயிடுங்க' என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் கோழிக்குஞ்சு பார்த்துக்கொண்டிருந்த நேரம் புறவாசல் வழியாக நழுவினோம். மூன்று நாள் அந்தப் புறவாசலைவிட்டு நகரவில்லை என்று அம்மா பிறகு சொன்னார். இரண்டு மாதம் கழித்துப் போனபோது எங்களிடம் வரவில்லை, ஆச்சி சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். குழந்தை அழக் கூடாது என்பதற்காக நழுவினோம் என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அது அழுவதை நாங்கள் பார்க்கக் கூடாது என்பதற்காக நழுவினோம்.

2019-ல் அப்பா போனார்.

கவனித்தீர்களா, செத்தவரைத்தான் நாம் 'போயிட்டார்' என்று மொட்டையாகச் சொல்கிறோம். 'வாறேன்' சேராமல் போவது அவர் மட்டும்தான். ஆச்சியின் பயம் எதில் என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். துஷ்டிக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். "ஏன்ப்பா யாருமே சொல்லிட்டுப் போகல? ரூடா இருக்கு" என்றாள் மகள். துஷ்டி வீட்டில் 'போயிட்டு வாறேன்' என்று சொன்னால் இதே மாதிரி காரியத்துக்கு இன்னொரு தடவை வருகிறேன் என்று ஆகிவிடும், அதனால் சொல்லக் கூடாது என்று விளக்கினேன். விவரம் தெரிந்தவன் மாதிரி.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து இரண்டாம் நாள் காலையில் திருநெல்வேலியில் ரயில். அம்மா நடைப்படியில் நின்றார். காலைத் தொட்டுக் கும்பிட்டேன். பெட்டியைத் தூக்கினேன். வாய் வரை வந்ததை அப்படியே விழுங்கிவிட்டு ஆட்டோவில் ஏறினேன். ராத்திரி ரயிலில் இருக்கும்போது அம்மா கூப்பிட்டார்.

"ஒண்ணும் சொல்லாமப் போயிட்டியே."

"துஷ்டி வீடுல்லாம்மா. சொல்லக் கூடாதுல்லா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அது வந்தவங்களுக்குய்யா. உனக்கு இது வீடுல்லா?"

அந்தப் பக்கம் அவர் போனை வைத்தாரா, சிக்னல் போனதா என்று தெரியவில்லை.

அதிலிருந்து எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதம் வந்துவிட்டது. விடைபெறுவது போகிறவனுக்கானது இல்லை. அவனுக்கு ரயில் இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, போய்ச் சேர்ந்தால் ஆபீஸ் இருக்கிறது. வீட்டில் இருக்கிறவருக்கு அந்த ஒரு வார்த்தைதான். அடுத்த லீவு வரை அதை வைத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். நாமோ கிளம்புகிற அன்றைக்குத்தான் பெட்டியைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, அரிசி மூட்டை வேண்டாம், ஊறுகாய் ஒழுகும் என்று கத்தி, டிரைவரோடு போனில் மல்லுக்கட்டி, கடைசியில் கார் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிவிட்டு வருகிறோம். தயவுசெய்து அரை மணி முன்னால் மூட்டை கட்டி முடியுங்கள். திண்ணையில் உட்காருங்கள். திருநீறு பூசிவிடுவார்கள், பூசிக்கொள்ளுங்கள், நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பதை ரயிலில் போய் யோசிக்கலாம். பிள்ளைகளையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை எட்டிப்பார்ப்பவன் 'போயிட்டு வாறேன்' என்று சொல்வது ஏமாற்று இல்லையா என்று இங்கே ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. தீபாவளிக்கு வாறேன், பொங்கலுக்கு வாறேன் என்று அப்பாவிடம் சொன்னதில் பாதிதான் போயிருப்பேன். சொல்லாமல் வந்திருந்தால் அந்தப் பாதியும் போயிருக்க மாட்டேன். சொல்லிவிட்டோமே என்ற கூச்சத்தில்தான் எத்தனையோ தடவை டிக்கெட் எடுத்திருக்கிறேன்.

மகளிடம் இதையெல்லாம் லெக்சர் அடிக்கவில்லை. கணபதிக்கு நாலு நாள் லீவு போட்டு வந்திருந்தாள். ஆஜி வீட்டில் மோதகம் சாப்பிட்டு, ஊர்வலத்தில் ஆடி, தொண்டை கட்டிக்கொண்டு, அதே பெட்டியோடு வாசலுக்கு வந்தாள். நான் முந்திக்கொண்டு "போயிட்டு வாம்மா" என்றேன். ஒரு செகண்ட் என்னைப் பார்த்தாள்.

"ம்... பை, வாறேன்ப்பா."

பாதி தேறியிருக்கிறாள். தீபாவளிக்கு மூன்று பேரும் ஊருக்கு. அம்மாவிடம் சொல்லியாச்சு. டிக்கெட்தான் இன்னும் வெயிட்டிங் லிஸ்டில் 43-ல் நிற்கிறது.