துணி போன வழியில் வந்த அதிகாரம்

வணிகம் வேறு, அரசியல் வேறு என்று யாராவது சொன்னால் அவரை மெட்ரோவில் ஏற்றி வடசென்னைக்கு அழைத்து வரலாம். வண்ணாரப்பேட்டை, டோல்கேட், காலடிப்பேட்டை என்று நிலையங்களின் பெயர்களைப் படித்தாலே போதும். கம்பெனியின் துணியை வெளுத்தவர்களின் பேட்டை, சரக்கை நிறுத்திச் சுங்கம் வாங்கிய இடம், கம்பெனி கவர்னர் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர். நான் குடியிருப்பது டோல்கேட்டில். ஆய்வு செய்வது அந்தத் துணி வணிகத்தை.

காலடிப்பேட்டைக்கும் யாருடைய காலடிக்கும் சம்பந்தமில்லை. அது காலட்பேட்டை. ஜோசப் காலட் 1717 முதல் 1720 வரை சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னராக இருந்தவர். 1639இல் பிரான்சிஸ் டே இந்தக் கடற்கரையைத் தேர்ந்தெடுக்க அவர் சொன்ன காரணம், இங்கே துணி மற்ற இடங்களைவிட 20 சதவீதம் மலிவு என்பது. 1708இல் திருவொற்றியூர் உட்பட ஐந்து கிராமங்கள் கம்பெனியின் கைக்கு வந்தன. அடுத்த சில ஆண்டுகளில் காலட் இங்கே நெசவாளர்களையும் துணியில் சாயம் தீட்டுபவர்களையும் குடியமர்த்தினார். பெருமாள் கோயிலும் எழுந்தது. கோயில் எழுந்ததற்கு ஊரில் ஒரு பக்திக் கதை உண்டு. எனக்குத் தெரிவது வியாபாரக் கணக்குதான். துணி தடையில்லாமல் வர வேண்டுமென்றால் நெசவாளர் ஊரைவிட்டுப் போகக் கூடாது. போகாமலிருக்கக் கோயில் வேண்டும். துணி வாங்க வந்தவர் இப்படித்தான் கோயில் புரவலர் ஆனார்.

ஆனால் செல்வாக்கு அன்று ஒரே திசையில் பாயவில்லை. நம் துணியும் இங்கிலாந்தை மாற்றிக்கொண்டிருந்தது. சீமாட்டி முதல் வீட்டு வேலைக்காரி வரை பூப்போட்ட பருத்தித் துணி உடுத்தத் தொடங்கியதில் லண்டன் பட்டு நெசவாளர்களின் பிழைப்பு போனது. 1719இல் அவர்கள் தெருவில் இறங்கி, அந்தத் துணியை உடுத்திய பெண்களின் ஆடைகளைக் கிழித்தார்கள். அசிங்கமான கலவரம்தான். ஆனால் 1721இல் நாடாளுமன்றம் அந்தத் துணியை உடுத்துவதற்கே தடைச் சட்டம் போட்டது.

காலடிப்பேட்டையில் தறி ஓடத் தொடங்கிய அதே காலம் அது. அங்கே ஏழை நெசவாளியின் கோபம் சட்டமானது. இங்கே உலகத்தையே உடுத்த வைத்தவருக்கு ஏன் எந்த அதிகாரமும் வரவில்லை? கம்பெனியிடம் பீரங்கி இருந்தது என்பது பாதி பதில். நம் நெசவாளர்கள் ஒன்றும் சும்மா இருந்துவிடவில்லை. பொறுக்க முடியாதபோது கூட்டமாக ஊரைவிட்டே வெளியேறுவது அவர்களின் போராட்ட முறை. ஆனால் நெய்தவர் ஒரு சாதி, வெளுத்தவர் வேறொரு சாதி. ஒரே துணியைத் தொட்ட இந்தக் கைகள் ஒன்றாகச் சேர வழியில்லை.

இதைக் கம்பெனி உண்டாக்கவில்லை. பிரித்தாளும் சூழ்ச்சி என்று பாடப்புத்தகம் சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். ஏற்கெனவே பிரிந்து கிடந்ததைக் கம்பெனி கற்றுக்கொண்டது, அவ்வளவுதான். 1707இல் ஒரு கல்யாண ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்று வலங்கை, இடங்கைச் சாதிகளுக்குள் மோதல் வெடித்தது. வியாபாரம் முடங்கியது. கவர்னர் தாமஸ் பிட் கடைசியில் தெருக்களையே பிரித்துக் கொடுத்தார். பெத்தநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு. சரக்கு வாங்க வந்த கம்பெனி, யார் எந்தத் தெருவில் நடக்கலாம் என்று தீர்ப்புச் சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டது. பறையர்கள் வலங்கைப் பக்கம்தான் எண்ணப்பட்டார்கள். ஆனாலும் கம்பெனியின் வரைபடத்தில் பறச்சேரி தனியாகவே கிடந்தது.

லாபத்தில் பங்கு யாருக்கு என்பதற்கும் தெருப்பெயர்களே சாட்சி. கம்பெனிக்குச் சரக்குப் பிடித்துக் கொடுத்த வணிகர்களுக்குத் தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு என்று ஆள் பெயரிலேயே தெருக்கள். வெளுத்தவர்களில் ஒருவருடைய பெயர்கூட மிஞ்சவில்லை. சாதிப் பெயர் மட்டும் பேட்டையானது. ஆகவே 'அந்நியர் நம்மை ஆதிக்கம் செய்தார்கள்' என்ற வாக்கியத்தில் வரும் அந்த 'நம்மை' யார் என்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசி, இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்ட துபாஷியும் இதே மண்ணின் ஆள்தான்.

இன்றைக்கு வெளிநாட்டுச் செல்வாக்கு என்றால் பிள்ளைகள் கொரியத் தொடர் பார்த்துக் கெட்டுப்போகிறார்கள் என்ற புலம்பல் கேட்கிறது. தொடர்களை நானும் பார்க்கிறேன், அதில் பயப்பட ஒன்றுமில்லை. பார்க்க வேண்டிய இடம் சுங்குவார்சத்திரம். 2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். முக்கியக் கோரிக்கை சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது. சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' வரக் கூடாது என்று நிறுவனம் ஆட்சேபித்தது. தொழிற்சங்கச் சட்டம் அப்போது 1926இலிருந்தே இருந்தது. ஆனால் பதிவு நகரவில்லை. பந்தலைப் பிரித்ததும் தொழிலாளர்களைக் கைது செய்ததும் கொரியப் போலீஸ் இல்லை, நம் போலீஸ். முதலீடு வேறு மாநிலத்துக்குப் போய்விடும் என்று அஞ்சியவர்களும் இங்கிருப்பவர்களே. சமூகநீதி பேசும் அரசு துபாஷி வேலை பார்க்கும்போது அதை அந்தப் பெயரிலேயே அழைப்போம், தோழர்களே.

வேலைநிறுத்தம் 37 நாட்கள் நீடித்தது. உயர் நீதிமன்றம் வரை போன பிறகு, 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. பெயர்: சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம்.