குழந்தைக்குத் தடுப்பூசி: உரிமையும் கடமையும்

“எம் பிள்ளைக்கு ஊசி போடுவதும் போடாதிருப்பதும் எம் விருப்பம், இதில் பிறருக்கு என்ன?” என்று கேட்கும் பெற்றோர் நம் பங்குகளிலும் உண்டு. கேள்வியை ஒதுக்கிவிடாமல், ஒரு நோயைக் கொண்டு அதனை ஆராய்வோம்.

ரூபெல்லா அம்மை சிறுவருக்கு வந்தால், இலேசான காய்ச்சலும் தடிப்பும் தோன்றிச் சில நாட்களில் மறைந்துவிடும். தாய் அதைப் பெரிதாக எண்ணவும் மாட்டாள். ஆனால், அச்சிறுவனிடமிருந்து அந்நோய் கருவுற்ற முதல் மாதங்களில் இருக்கும் ஒரு பெண்ணுக்குத் தொற்றினால், கருவிலுள்ள சிசு இறந்துபோகலாம். பிழைத்தாலும் கண்புரை, செவிட்டுத்தன்மை, இருதயக் குறை ஆகியவற்றுடன் பிறக்கலாம். நோயுற்றவன் ஒருவன்; துன்புறுவது இன்னும் உலகைக் காணாத மற்றொரு பிள்ளை.

மணல்வாரி எனப்படும் தட்டம்மையோ இன்னும் வேகமாகப் பரவும். எதிர்ப்பாற்றல் அற்றோர் நடுவே ஒரே நோயாளி 12 முதல் 18 பேருக்கு அதைத் தரக்கூடும். இவ்விரு நோய்களுக்கும் சேர்த்துப் போடப்படும் ஊசியின் முதல் தவணை, 9 மாதம் நிறைந்த பின்பே தரப்படுகிறது.

கச்சிராயபாளையத்தில் நின்று செல்லும் பேருந்தை எண்ணிப் பாருங்கள். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருவோரும், அடிவாரத்துக் கரும்புத் தோட்டங்களில் உழைப்போரும் அதில் நெருங்கி அமர்கின்றனர். ஒரு தாயின் மடியில் ஆறு மாதக் குழந்தை. அருகில் ஒரு கர்ப்பவதி. இவ்விருவரும் இப்போது இந்த ஊசியைப் போட்டுக்கொள்ள இயலாது. சுற்றியுள்ள பிள்ளைகள் போட்டுக்கொண்ட ஊசியே இவர்களுக்கு அரண். நூற்றுக்கு 95 பேராவது பாதுகாப்புப் பெற்றால்தான் தட்டம்மை பரவாது நிற்கும்.

இதனால், அஞ்சும் பெற்றோரை அறிவிலிகள் என்று இகழலாகாது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்த செய்தி, தமிழகத் தாய்மாரை நடுங்கச் செய்தது. 2017 பிப்ரவரியில் 15 வயது வரையுள்ள சிறுவர்க்குத் தட்டம்மை - ரூபெல்லா ஊசி போடும் இயக்கம் தொடங்கியபோது, வாட்ஸ்அப் வழியே வதந்திகள் பரவின. பல பெற்றோர் மறுத்தனர். இயக்கத்தை மார்ச் வரை நீட்டிக்க நேர்ந்தது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் அடிப்படைத் தடுப்பூசிகள் அனைத்தும் பெற்ற குழந்தைகள் 2005-06இல் நூற்றுக்கு 80.9, 2015-16இல் 69.7, 2019-21இல் 89.2. சரிவுக்குக் காரணங்கள் பல இருக்கலாம். எனினும் நம்பிக்கை தளர்ந்த இடத்தில் ஊசியும் தளரும் என்பதை நாம் மறக்கலாகாது.

அப்படியாயின் கட்டாயப்படுத்துவதே வழியா? கொரோனா தடுப்பூசி வழக்கில், எவரையும் வற்புறுத்தி ஊசி போடலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே 2 அன்று தீர்ப்பளித்தது. பொதுநலம் கருதி நியாயமான கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம் என்றும் கூறியது. திருச்சபையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயமும் 2020 டிசம்பரில், கொரோனா தடுப்பூசி தன்விருப்பமாகவே இருத்தல் வேண்டும் என்று கூறிய கையோடு, பொதுநன்மையைக் காக்கும் கடமையையும் நினைவூட்டியது. மனச்சான்றின்படி மறுப்போர், தம்மால் பிறருக்கு நோய் பரவாதபடி இயன்ற அனைத்தையும் செய்தல் வேண்டும் என்பது அதன் போதனை.

ஒரு வேறுபாட்டையும் இங்கே கருத வேண்டும். வளர்ந்தவர் தம் உடலைக் குறித்து முடிவெடுப்பது ஒன்று. பெற்றோர் பிள்ளையின் உடலைக் குறித்து முடிவெடுப்பது வேறொன்று. பிள்ளை நம் உடைமையன்று; நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட கொடை. ஆகவே நம் அச்சத்தின் விலையை அதன்மீது சுமத்த நமக்கு உரிமையில்லை.

ஐயமுள்ள பெற்றோர் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ மருத்துவரிடமோ தயங்காமல் கேளுங்கள். இது என்ன ஊசி, உரிய குளிரில் வைக்கப்பட்டதா, பின்விளைவு தோன்றினால் யாரிடம் வருவது என்று கேட்பது உங்கள் உரிமை. பொறுமையாகப் பதில் சொல்வது அவர்கள் கடமை. பிள்ளைக்குக் கடும் காய்ச்சலோ வேறு பெரு நோயோ இருந்தால் முன்னதாகவே சொல்லுங்கள். ஊசி போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே தங்குங்கள். தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

கேட்டறிந்து, மனமுவந்து பிள்ளையின் கையை நீட்டும் பெற்றோர், தம் வீட்டுப் பிள்ளையோடு முகமறியாத அயலார் பிள்ளையையும் காக்கின்றனர். சுதந்திரத்தை நாம் நன்கு பயன்படுத்துவது இவ்வாறே.