பாஸ்போர்ட்டுக்குத்தான் இங்கிலீஷ் தெரியும்

ப்ளேஸ்மென்ட் சீசன் கொஞ்சம் மந்தமானா போதும், ஃபைனல் இயர் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் சுத்த ஆரம்பிச்சிடும். "சீனாவில் இங்கிலீஷ் டீச்சர் வேலை. எந்த டிகிரியும் ஓகே. தங்குமிடம் இலவசம். விசா நாங்க பார்த்துக்கறோம்." கீழே ஒரு நம்பர். பி.இ. முடிச்சிட்டு இங்கிலீஷ் வாத்தியாரா என்று சிரிப்பவர்கள் ஒரு பக்கம். சத்தமில்லாம அந்த நம்பரை சேவ் பண்ணி வைப்பவர்கள் ஒரு பக்கம்.

நான் ரெண்டு பக்கமும் இல்லை. சிரிக்கிற அளவுக்கு அது கேவலமான வேலை கிடையாது. ஒரு நாட்டை உள்ளே இருந்து பார்க்க அதைவிட நல்ல வழி ரொம்பக் கம்மி. ஆனா அந்த மெசேஜ் காட்டும் கதவு நமக்குத் திறக்காது. ஏன் திறக்காது என்பதைத்தான் முதலில் பேசணும், ஏன்னா மெசேஜ் அனுப்புபவர் அதைச் சொல்லமாட்டார்.

சீனாவில் ஒரு வெளிநாட்டவர் வேலை பார்க்கணும்னா 'இசட்' வகை விசா வேண்டும். அதோடு வேலை அனுமதி, அதன் பிறகு குடியிருப்பு அனுமதி. 2017 முதல் விண்ணப்பிப்பவர்களை ஏ, பி, சி என்று மூன்று தட்டாகப் பிரிக்கிறார்கள். மொழி ஆசிரியர் என்றால் கூடுதலாக ஒரு விதி: அவர் தன் தாய்மொழியைத்தான் சொல்லித்தர வேண்டும். ஒரு இளங்கலை டிகிரியாவது வேண்டும். நடைமுறையில் இங்கிலீஷுக்கு இதன் அர்த்தம் என்ன? அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா. இந்த ஏழில் ஒன்று உங்கள் பாஸ்போர்ட்டில் இருக்கணும். இந்தியா அந்த வரிசையில் இல்லை. நீங்க எல்.கே.ஜி.யில இருந்து இங்கிலீஷ் மீடியம், ஐ.இ.எல்.டி.எஸ்.ல எட்டுக்கு மேல, ஷேக்ஸ்பியரை மனப்பாடமா ஒப்பிப்பீங்க, எதுவும் கணக்கில் வராது. வாயில் என்ன மொழி இருக்கு என்று யாரும் கேட்பதில்லை. பாஸ்போர்ட்டில் என்ன நாடு இருக்கு என்றுதான் பார்க்கிறார்கள்.

இது அநியாயம்னுதான் நான் சொல்வேன். ஒரு மொழியைப் பிறவியிலேயே பேசுவதும் அதைச் சொல்லித்தருவதும் வேறு வேறு திறமை. ரெண்டாவது மொழியா கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டவனுக்குத்தான் மாணவன் எந்த இடத்தில் தடுக்கி விழுவான் என்று தெரியும். ஆனா விதி அநியாயமா இருக்கு என்பதற்காக அதைச் சுற்றிப் போகச் சொல்லும் ஏஜென்ட் நியாயமானவர் ஆகிவிட மாட்டார். "முதல்ல டூரிஸ்ட் விசால வாங்க, இல்ல பிசினஸ் விசால வாங்க, அங்க வந்ததும் மாத்திடலாம்" என்பதுதான் அவர்களின் வழக்கமான வசனம். 2013 ஜூலையில் அமலுக்கு வந்த சீனக் குடிவரவுச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. அனுமதி இல்லாமல் வேலை பார்த்தால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். விஷயம் பெரிசுன்னா 5 முதல் 15 நாள் காவல். அதற்கு மேல் நாடு கடத்தலும் உண்டு. மாட்டுவது நீங்கதான், நம்பர் கொடுத்தவர் இல்லை. சம்பளம் தராமல் இழுத்தடித்தால் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பீங்க? புகார் கொடுத்த நிமிஷமே உங்க விசா வெளியே வந்துடும்.

சரி, கதவு பூட்டியிருக்கு. அப்புறம் ஏன் இவ்வளவு பேச்சு? உள்ளே என்ன இருக்கு என்று தெரிந்தால்தான் இழப்பு புரியும்.

பீட்டர் ஹெஸ்லர் என்ற அமெரிக்க எழுத்தாளரை உதாரணமா எடுத்துக்குவோம். 1996ல் அமெரிக்க அரசின் பீஸ் கோர் திட்டத்தில் தன்னார்வலராக ஃபூலிங் என்ற ஊருக்குப் போனார். யாங்சி ஆறும் வூ ஆறும் சேரும் இடம். அப்போது அந்த ஊருக்கு ரயில் கிடையாது, படகுதான். அரை நூற்றாண்டாக அமெரிக்கர் யாரும் குடியிருக்காத ஊர். அங்கே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ரெண்டு வருஷம் ஆங்கில இலக்கியம் நடத்தினார். மாணவர்கள் பெரும்பாலும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள், படிச்சு முடிச்சதும் கிராமத்துப் பள்ளிகளுக்கு இங்கிலீஷ் ஆசிரியராகப் போகப் போகிறவர்கள். அந்த ரெண்டு வருஷம்தான் 2001ல் 'ரிவர் டவுன்' என்ற புத்தகம் ஆச்சு.

அதைப் படிக்கும்போது எனக்குத் தோன்றியது இதுதான். டூரிஸ்ட் பெருஞ்சுவரைப் பார்ப்பான். பத்திரிகையாளன் அதிகாரியைப் பார்ப்பான். வாத்தியார் மட்டும்தான் ஒரே நாற்பது முகங்களை வாரம் தவறாமல் பார்க்கிறான். அவங்க எழுதும் கட்டுரையைத் திருத்துகிறான். அப்பா என்ன வேலை, அக்கா எந்த ஃபேக்டரிக்குப் போனாள், எதைப் பற்றிப் பேசும்போது வகுப்பே தலையைக் குனிந்துகொள்கிறது என்பதெல்லாம் அந்தக் கட்டுரைகளில் தானாக வந்துவிடும்.

அவர் 2019ல் மறுபடி வாத்தியாராகப் போனார். இந்த முறை செங்டு. சிச்சுவான் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் ஒரு இன்ஸ்டிட்யூட். அங்கே படிப்பவர்கள் யார் தெரியுமா? நம்மைப் போல இன்ஜினியரிங் பசங்கதான்! அவங்களுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்தார். 1996 மாணவர்களுக்கும் இவங்களுக்கும் நடுவில் ஒரு நாடே மாறியிருந்தது. அவங்க வறுமையில் வந்தவர்கள், அண்ணன் தம்பி அக்கா தங்கை உள்ளவர்கள். இவங்க பெரும்பாலும் வீட்டுக்கு ஒற்றைப் பிள்ளைகள், நகரத்துக்காரர்கள், உயரமாகவும் இருந்தார்களாம். ஃபூலிங்குக்கும் இப்போ அதிவேக ரயில் வந்துவிட்டது, சோங்சிங்கில் இருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மூன்று பள்ளத்தாக்கு அணையின் நீர்மட்டம் 175 மீட்டருக்கு உயர்ந்ததில் பழைய ஊரின் தாழ்வான பகுதிகள் தண்ணிக்குள் போயின. ரெண்டு காலத்துக்கும் மாறாமல் இருந்தது தேர்வு மட்டும்தான்.

அந்தத் தேர்வின் பெயர் காவ்காவ். ஒவ்வொரு ஜூன் 7ம் தேதியும் தொடங்கும். 2024ல் ஒரு கோடியே 34 லட்சம் பேர் பதிவு செய்தார்கள். பெரும்பாலான மாகாணங்களில் மொத்தம் 750 மார்க், அதில் இங்கிலீஷுக்கு 150. நம்ம ப்ளஸ் டூவையும் நீட்டையும் ஒன்றாக அரைத்து ஊற்றினால் எப்படியோ அப்படி. இதைத் தாண்டி வந்த பிள்ளைகள் காலேஜ் முதல் வருஷத்தில் வெளிநாட்டு வாத்தியார் வகுப்பில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதில் என்ன ஆச்சரியம்? பன்னிரண்டு வருஷம் கேள்விக்குச் சரியான விடை ஒன்றுதான் என்று பழகியவர்களிடம் திடீரென "உன் அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டால் அவங்க என்ன செய்வாங்க? நம்ம க்ளாஸ்ல கெஸ்ட் லெக்சர் முடிஞ்சதும் "எனி டவுட்ஸ்?" என்று கேட்டால் வரும் அமைதியை நினைச்சுப் பாருங்க.

வகுப்புக்கு வெளியே 'இங்கிலீஷ் கார்னர்' என்று ஒன்று நடக்கும். சாயங்காலம் கேம்பஸில் ஏதாவது மரத்தடியில் கூடி இங்கிலீஷில் பேசிப் பழகுவது. வெளிநாட்டு வாத்தியார் வந்தால் சுற்றி நின்றுகொண்டு எல்லாரும் அதே கேள்விகளைக் கேட்பார்கள்: எந்த நாடு, சீன சாப்பாடு பிடிக்குமா, சாப்ஸ்டிக் பிடிக்கத் தெரியுமா. இருபதாவது முறை கேட்கும்போது கடுப்பாகும் என்று நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள். ஆனா கூட்டம் கலைந்த பிறகு தயங்கி நிற்கும் ஒருத்தன் கேட்கிற இருபத்தியோராவது கேள்விக்காகத்தான் அங்கே போகணும்.

பயணமும் அப்படித்தான். வாத்தியாருக்குப் பெரிய லீவு கிடைப்பது சீனப் புத்தாண்டு சமயத்தில். சீனா மொத்தமும் சொந்த ஊருக்குக் கிளம்புவதும் அதே சமயத்தில்தான். பொங்கலுக்குக் கிளாம்பாக்கத்தில் நிற்கும் கூட்டத்தை ஒரு நாட்டின் அளவுக்குப் பெருக்கிக்கொள்ளுங்கள். பெய்ஜிங்கில் இருந்து ஷாங்காய் 1,318 கிலோமீட்டர், அதிவேக ரயிலில் நாலரை மணி நேரம். ஆனா காசு கம்மியான வாத்தியாரும் மாணவனும் ஏறுவது பழைய பச்சை நிற ரயிலில். 'கடின இருக்கை' என்று ஒரு வகுப்பு, பெயரே அதுதான். அதுவும் கிடைக்காதவர்களுக்கு 'இருக்கை இல்லை' என்று அச்சடித்தே டிக்கெட் தருவார்கள். நம்ம அன்ரிசர்வ்டு மாதிரி, ஆனா நேர்மையான பெயர். ஒவ்வொரு பெட்டியிலும் வெந்நீர்க் குழாய் உண்டு, அதில் எல்லாரும் கப் நூடுல்ஸ் ஊறவைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டு வருவார்கள். மாண்டரின் கற்க இதைவிட நல்ல க்ளாஸ்ரூம் கிடையாது. அதிவேக ரயிலில் எல்லாரும் போனைத்தான் பார்க்கிறார்கள்.

நடைமுறைச் சிக்கல்களும் உண்டு. எந்த ஊருக்குப் போய்த் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் பதிவு இருக்கணும். ஹோட்டல் என்றால் அவர்களே செய்துவிடுவார்கள், நண்பன் வீடு என்றால் நீங்கதான் ஸ்டேஷனுக்குப் போகணும். கூகுள், வாட்ஸ்அப், யூட்யூப் எதுவும் திறக்காது. வீசாட் இல்லாமல் ஒரு நாள் ஓட்ட முடியாது. இதெல்லாம் ஒரு மாசத்தில் பழகிவிடக்கூடியவை.

பழகாத விஷயம் வேறு ஒன்று இருக்கு. வெளிநாட்டு வாத்தியார் என்றால் வெள்ளையாக இருக்கணும் என்ற எதிர்பார்ப்பு. இங்கிலீஷே சரியாக வராத கிழக்கு ஐரோப்பியரைப் போஸ்டரில் போட்டு டியூஷன் சென்டர்கள் கல்லா கட்டிய காலம் உண்டு. முகத்தைக் காட்டுவதற்கு மட்டும் ஆள் வைக்கும் இந்த வேலைக்கு 'வெள்ளைக் குரங்கு' என்றே அங்கே கொச்சையில் பெயர். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த கறுப்பர்களும் இந்திய வம்சாவளியினரும் சரியான பாஸ்போர்ட் இருந்தும் போட்டோ அனுப்பியதும் நிராகரிக்கப்பட்ட கதைகள் ஏராளம். கோபப்படலாம், தப்பில்லை. ஆனா நம்ம ஊர் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் வாசலில் இருக்கும் பேனரையும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கோபப்படலாம். அதில் சிரிக்கும் முகங்களில் ஒன்றாவது நம்ம தெருவில் நடந்துபோகும் முகமா?

இப்போ ஏழு பாஸ்போர்ட்காரர்களுக்கும் அந்தக் கதவு சுருங்கிக்கொண்டு வருகிறது. 1993ல் சீனாவில் தொடங்கிய பீஸ் கோர் 2020ல் மூட்டை கட்டியது. 2021 ஜூலையில் 'இரட்டைக் குறைப்பு' கொள்கை வந்தது. பள்ளிப் பாடங்களுக்கு லாப நோக்கில் டியூஷன் நடத்தக்கூடாது, வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்களை வைத்து ஆன்லைனில் வகுப்பு எடுக்கக்கூடாது. ஒரே உத்தரவில் ஒரு தொழிலே சரிந்தது. நியூ ஓரியன்டல் என்ற மாபெரும் டியூஷன் கம்பெனி 60,000 பேரை வேலையை விட்டு அனுப்பியது. அங்கே மிஞ்சிய இங்கிலீஷ் வாத்தியார்களில் ஒருவரான தோங் யூஹுய் 2022ல் லைவ்ஸ்ட்ரீமில் அரிசியும் மாட்டிறைச்சியும் விற்றுக்கொண்டே பக்கத்தில் போர்டில் இங்கிலீஷ் வார்த்தை எழுதிக் கற்றுக்கொடுத்து நாடு முழுக்க பிரபலமானார். 2023ல் சியான் ஜியாவ்தோங் பல்கலைக்கழகம் டிகிரி வாங்க தேசிய ஆங்கிலத் தேர்வு பாஸாகணும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டது. ஹெஸ்லரின் ஒப்பந்தமும் 2021ல் புதுப்பிக்கப்படவில்லை, குடும்பத்தோடு ஊரைவிட்டுக் கிளம்பினார்.

டியூஷன் வியாபாரம் ஒழிந்ததில் எனக்கு வருத்தமில்லை, கோச்சிங் சென்டரில் ரெண்டு வருஷத்தைத் தொலைத்த யாருக்கும் இருக்காது. ஆனா அந்தக் குப்பையோடு சேர்ந்து ஃபூலிங் மாதிரியான வகுப்பறைகளும் போகின்றன. அதுதான் உறுத்துகிறது. 1937ல் ஜப்பான் படையெடுத்தபோது பெய்ஜிங் பல்கலைக்கழகங்கள் தெற்கே ஓடின. லைப்ரரி எல்லாம் பின்னால் நின்றுபோனது. வில்லியம் எம்சன் என்ற ஆங்கிலேயக் கவிஞர் அவர்களோடு போய், கையில் புத்தகம் இல்லாமல் ஞாபகத்தில் இருந்தே கவிதை பாடம் நடத்தினார். போரின் நடுவில்கூடத் திறந்திருந்த கதவு இது.

அப்போ நமக்கு வழியே இல்லையா? இருக்கு, சுற்று வழி. விதி மொழி ஆசிரியருக்குத்தான். உங்கள் துறையில் பி.எச்டி. முடித்துவிட்டு அதே துறையைச் சொல்லித்தரப் போனால் தாய்மொழிக் கேள்வி எழாது. பத்திரிகையாளர் பல்லவி ஐயர் 2002ல் பெய்ஜிங் ஒலிபரப்பு நிறுவனத்தில் இங்கிலீஷில் செய்தி எழுதச் சொல்லித்தரத்தான் முதலில் போனார். அங்கே கிடைத்த மாணவர்கள் வழியாகத்தான் அவரது சீனா தொடங்கியது. 2025 அக்டோபரில் நேரடி விமானங்களும் மறுபடி பறக்க ஆரம்பித்துவிட்டன.

இன்னொன்றும் இருக்கு. மொழி ஆசிரியர் தன் தாய்மொழியைத்தான் சொல்லித்தரணும் என்கிறதே அந்த விதி, அதே விதிப்படி நம்ம பாஸ்போர்ட்டுக்கு ஒரு மொழி தெரியும். பெய்ஜிங் அயல்மொழிப் பல்கலைக்கழகத்திலும் யுன்னான் மின்சூ பல்கலைக்கழகத்திலும் தமிழ் படிக்கிறார்கள். சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு 1963 ஆகஸ்டில் தொடங்கியது. அங்கே வேலை பார்த்த சீனர்கள் கலைமகள், வாணி என்று தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு பேசினார்கள், நம்ம தாத்தாக்கள் சிற்றலையில் ட்யூன் பண்ணிக் கேட்டுவிட்டுக் கடிதம் போட்டார்கள். இடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதுக்கு பி.இ. போதாது, தமிழில் முதுகலையாவது வேண்டும். நம்ம பேட்ச்ல யாராவது அந்தப் பக்கம் யோசிச்சிருக்கீங்களா?