ஏற்காட்டில் இறங்காத சுமை

"ஒரே டென்ஷனா இருக்கு, ரெண்டு நாள் ஏற்காடு போயிட்டு வந்துடலாம்." சேலம், நாமக்கல், ஈரோடு பக்கத்து வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. தேர்வு முடித்த பிள்ளைக்கும், ஆண்டுக் கணக்கு முடித்த அப்பாவுக்கும், சமையலறையில் வெந்துபோன அம்மாவுக்கும் ஒரே மருந்து இந்த "ஏழைகளின் ஊட்டி"தான். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போய், கரடியூர் காட்சி முனையில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்தால் மனசு லேசாகும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் அதே தலைவலி திரும்பி வந்துவிடுகிறதே, அது ஏன்?

மன அழுத்தம் என்பது அடிப்படையில் ஒரு நோய் அல்ல. உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்யும் ஏற்பாடு. வழியில் பாம்பைக் கண்டால் மூளை உடனே உத்தரவு போடுகிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்ட்டிசாலையும் ரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறுகின்றன. செரிமானம் 'அப்புறம் பார்க்கலாம்' என்று ஒதுக்கப்படுகிறது. ஆபத்து விலகியதும் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

மலை ஏறும் பேருந்தை நினைத்துப் பாருங்கள். செங்குத்தான வளைவில் முதல் கியர் இல்லாமல் முடியாது. அதே கியரில் சேலம் முதல் சென்னை வரை ஓட்டினால் எஞ்சின் என்னாகும்? பாம்பு சில நிமிடங்களில் போய்விடும். கடனும், மதிப்பெண் பயமும், மேலதிகாரியின் கோபமும் அப்படிப் போவதில்லை. அதனால் உடம்பு கியரை மாற்றவே முடிவதில்லை.

இதை ஆய்வுக்கூடத்தில் கவனித்தவர் ஹான்ஸ் செல்யே. எலிகளுக்கு எந்த வகைத் துன்பம் கொடுத்தாலும் அட்ரினல் சுரப்பி வீங்குவதையும், நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுருங்குவதையும் கண்டு 1936ல் எழுதினார். 1995ல் அமெரிக்காவில் இன்னொரு ஆய்வு வெளியானது. மறதி நோய் வந்த உறவினரை வீட்டில் கவனித்துக்கொள்ளும் பெண்களுக்கும், அந்தச் சுமை இல்லாத பெண்களுக்கும் கையில் ஒரே அளவு சிறு காயம் செய்து பார்த்தார்கள். சுமை உள்ளவர்களுக்குக் காயம் ஆற சுமார் 9 நாட்கள் அதிகம் ஆனது. மனதின் பாரம் தோலில் தெரிந்தது! எரிச்சல், மறதி, தூக்கமின்மை, எதிலும் ஈடுபாடின்மை ஆகியவையும் இதன் பிள்ளைகளே.

அதற்காக எல்லாப் பழியையும் டென்ஷன் மேல் போடுவதும் தவறு. வயிற்றுப்புண்ணுக்குக் கவலையே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. பெரும்பாலும் ஒரு பாக்டீரியாவே காரணம் என்று கண்டுபிடித்த மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005ல் நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சுவலியை "டென்ஷன்தான்" என்று சொல்லி வீட்டில் படுத்திருப்பது ஆபத்து. மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. "இந்த மலைக்காரங்களுக்கு என்ன கவலை, நிம்மதியான வாழ்க்கை" என்பது சுற்றுலா வருபவர்களின் வாடிக்கையான பேச்சு. சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில், 1820களில், இங்கே காபி வந்தது. அன்று முதல் மார்ச், ஏப்ரலில் பெய்ய வேண்டிய பூ மழைதான் இந்த மலையின் கவலை. மழை தவறினால் பூ இல்லை, பூ இல்லாவிட்டால் காய் இல்லை. பயணி ரசிக்கும் அதே நீல வானத்தைத் தோட்டக்காரர் பயத்தோடு பார்க்கிறார். குளிர்ந்த காற்று கடனை அடைக்காது.

ஆகவே மன அழுத்தத்தை இடம் மாறித் தீர்க்க முடியாது. காரணத்தில் கை வைக்க வேண்டும். தமிழக அரசு 2017ல் பொதுத்தேர்வு ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது அப்படி ஒரு நல்ல முடிவு. ஆனால் பல வீடுகளில் ரேங்க் பட்டியல் இன்னும் ஒட்டப்பட்டே இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயரோடு! வருடம் முழுவதும் பிள்ளையை விரட்டிவிட்டு, மே மாதம் கோடை விழாவுக்கு அழைத்துப் போவது பிராயச்சித்தம் ஆகாது. தினமும் நிறைவான தூக்கம், மாலையில் ஒரு மணி நேர விளையாட்டு, "மார்க் எவ்வளவு?" என்பதற்கு முன்னால் "சாப்பிட்டியா?" என்ற கேள்வி... இவை ஏற்காட்டைவிட மலிவு, பலன் அதிகம்.

தாங்க முடியாத அளவுக்குப் போனால் வாய்விட்டுச் சொல்வது கோழைத்தனம் அல்ல. 2022ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

ஏற்காட்டுக்குத் தாராளமாகப் போகட்டும், கரடியூரில் நின்று ரசிக்கட்டும். ஆனால் ஊருக்குத் திரும்பியதும் எந்தச் சுமையைக் குறைக்கப் போகிறோம் என்று மலை இறங்குவதற்குள் ஒரு குடும்பம் பேசி முடிவெடுத்தால், அந்தப் பயணச் செலவு வீண் போகாது.