கையெழுத்து மாறினால் கைத்தொழில் மறந்துவிடுமா?

காகிதத்தின் மதிப்பு என்னவென்று மோதி பாக் தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரில் அரிசி வாங்கித் தந்த ரேஷன் கார்டு, ரயிலேறி டில்லி வந்ததும் பல்லாண்டுகள் வெறும் அட்டையாகக் கிடந்தது. எல்லை மாறியதே தவிரப் பசி மாறவில்லை.

ஆகாயத்தில் பறக்கும் விமானிக்கும் இதே கதி நேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகிய பின், இடைக்கால ஏற்பாடு 2020 டிசம்பர் 31-ல் முடிந்தது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பிலும் பிரிட்டனுக்கு இடமில்லாமல் போயிற்று. மறுநாள் முதல், பிரிட்டன் கொடுத்த லைசென்சை மட்டும் வைத்துக்கொண்டு பிரான்சிலோ ஜெர்மனியிலோ பதிவான விமானத்தை ஓட்ட முடியாது. முன்கூட்டியே அயர்லாந்து போன்ற நாடுகளுக்கு லைசென்சை மாற்றிக்கொண்டவர்கள் தப்பினார்கள். மற்றவர்கள் மறுபடியும் தேர்வு வாசலில் நின்றார்கள். பிரிட்டனோ, ஐரோப்பிய லைசென்சுகளை 2022 முடியும்வரை ஏற்றுக்கொண்டது. ஆக, அவகாசம் தர வழியுண்டு, மனம்தான் வேண்டும்.

'பாதுகாப்புக்குச் சோதனை வேண்டாமா?' என்று கேட்பார்கள். கட்டாயம் வேண்டும். ஆனால் டிசம்பர் 31 இரவு திறமைசாலியாக இருந்தவர், ஜனவரி 1 காலையில் எப்படித் திறமையற்றவர் ஆனார்? மாறியது ஆட்சியாளர்களின் கையெழுத்து. தண்டம் கட்டியது உழைப்பவன்.

இது பணக்காரர் வீட்டுப் பிரச்சினை என்று ஒதுக்காதீர்கள். காணியை விற்று, நகையை அடகு வைத்துப் பிள்ளையை விமானப் பயிற்சிக்கு வெளிநாடு அனுப்புவோர் நம்மிலும் இருக்கிறார்கள். 1944 சிகாகோ உடன்படிக்கைப்படி, விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாடு தந்த அல்லது ஏற்ற லைசென்சே செல்லும். அந்த உடன்படிக்கையில் இந்தியாவும் உண்டு. ஆகவே வெளிநாட்டு லைசென்சோடு திரும்பும் பிள்ளை, சப்தர்ஜங் விமான நிலையத்துக்கு எதிரே இருக்கும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் தேர்வுகளை எழுதி, இந்திய லைசென்சாக மாற்றிய பிறகே இங்கு வேலைக்குப் போக முடியும்.

பணம் கட்டுமுன் பயிற்சிப் பள்ளியிடம் கேளுங்கள்: இந்த லைசென்ஸ் எந்த நாட்டு விமானத்துக்குச் செல்லும்? ஊர் திரும்பினால் என்னென்ன தேர்வு? வாய்ச்சொல் போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

அரசுகளிடம் நாம் கேட்பதும் ஒன்றுதான். கூடுங்கள், பிரியுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் ஏற்கெனவே உழைத்துப் பெற்ற தகுதிக்குக் குறைந்தது இரண்டாண்டு அவகாசம் கொடுங்கள். விமானிக்கு இன்று மறுக்கப்படும் நியாயம், நாளை வளைகுடா செல்லும் நம் எலக்ட்ரீஷியனுக்கும் நர்சுக்கும் மறுக்கப்படும்.