கூடாரம் எங்கே இருந்தது?

ஒருவன் தன் கூடாரத்திலிருந்து புறப்பட்டுத் தெற்கே ஒரு கிலோமீட்டர் நடந்தான். அங்கிருந்து கிழக்கே ஒரு கிலோமீட்டர் நடந்தான். பின்னர் வடக்கே ஒரு கிலோமீட்டர் நடந்தான். நிமிர்ந்து பார்த்தால், புறப்பட்ட அதே கூடாரம் எதிரே நிற்கிறது! அக்கூடாரம் உலகில் எவ்விடத்தில் இருந்தது?

இப்புதிரை நம் மாணவச் செல்வங்களுள் பலர் கேட்டிருப்பர். பொது அறிவு நூலின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் ‘வட துருவம்’ என்று இரண்டே சொற்களில் விடை கிடைத்துவிடும். சிலர் கூடாரத்தின் வாயிலில் ஒரு கரடியையும் நிறுத்தி வைத்து, அதன் நிறம் யாது என்று வினவுவதுண்டு. வெள்ளை என்றதும் கைத்தட்டல் எழும். அவ்விடை தவறன்று; ஆனால் முழு விடையும் ஆகாது. முழு விடையைத் தேடிச் சென்ற ஒரு பிள்ளைக்கு நேர்ந்ததைப் பெற்றோர்கள் அறிய வேண்டும் என்பதாலேயே இதனை எழுதத் துணிந்தோம்.

முதலில் நம் தோட்டத்திலேயே நடந்து பார்ப்போம். செம்பனை நிரைகளின் ஊடே தெற்கே ஒரு கிலோமீட்டர், கிழக்கே ஒரு கிலோமீட்டர், வடக்கே ஒரு கிலோமீட்டர் நடந்தால், புறப்பட்ட இடத்துக்குக் கிழக்கே ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்போம். நுட்பமாகக் கணக்கிட்டால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறையும். நம் தோட்டம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 4 பாகையில் உள்ளது. வடக்கே செல்லச் செல்ல, தென்வடலாக ஓடும் கோடுகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. அந்த நெருக்கம் இங்கே ஒரு நகத்தின் அகலம்தான். துருவத்திலோ அக்கோடுகள் யாவும் ஒரே புள்ளியில் கூடிவிடுகின்றன.

ஆதலால் வட துருவத்தில் நிற்பவனுக்கு எப்பக்கம் திரும்பினாலும் தெற்கே. அவன் ஒரு கிலோமீட்டர் இறங்கிச் சென்று கிழக்கு நோக்கித் திரும்பினால், துருவம் அவனது இடக்கைப் பக்கம் இருக்கும். அதனைச் சுற்றி வளைந்து வளைந்துதான் அவன் கிழக்கே நடக்க முடியும். அவ்வட்டத்தின் சுற்றளவு 6 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதில் ஒரு கிலோமீட்டர் நடந்தபின் வடக்கே திரும்பினால், நேரே துருவத்துக்கே வந்து சேர்வான். இதுவே நூல்கள் கூறும் விடை.

இனித் தென் துருவத்துக்குச் செல்வோம். அத்துருவத்தை நடுவாக வைத்து, சுற்றளவு சரியாக ஒரு கிலோமீட்டர் வருமாறு ஒரு வட்டம் வரைவதாகக் கொள்வோம். நடுவிலிருந்து வட்டத்தின் விளிம்பு வரை ஏறத்தாழ 159 மீட்டர் இருக்கும். அந்த விளிம்பிலிருந்து வடக்கே ஒரு கிலோமீட்டர் தள்ளி, அதாவது துருவத்திலிருந்து 1,159 மீட்டர் தொலைவில் கூடாரம் அடிப்போம். தெற்கே ஒரு கிலோமீட்டர் நடந்தால் வட்டத்தின் மேல் கால் வைப்போம். கிழக்கே ஒரு கிலோமீட்டர் நடந்தால் வட்டத்தை ஒருமுறை முழுதாகச் சுற்றி, கால் வைத்த இடத்துக்கே திரும்புவோம். வடக்கே ஒரு கிலோமீட்டர், வந்த வழியே நடந்தால் கூடாரம்! துருவத்தைச் சூழ 1,159 மீட்டர் தொலைவில் கூடாரத்தை எப்பக்கம் அடித்தாலும் கணக்குப் பொருந்தும்.

அத்துடன் முடிந்ததா என்றால், இல்லை. சுற்றளவு அரைக் கிலோமீட்டர் உள்ள வட்டமானால் இரண்டு சுற்றுச் சுற்றலாம். கூடாரம் ஏறத்தாழ 1,080 மீட்டரில் இருக்கும். மூன்று சுற்றானால் 1,053 மீட்டர். இப்படியே நான்கு, ஐந்து, நூறு என்று போய்க்கொண்டே இருக்கலாம். வடக்கில் ஓரிடம், தெற்கில் எண்ணிலடங்கா இடங்கள்.

இதனைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் புரிந்துகொள்வார்களா என்று ஐயுறும் நண்பர்கள் நம் பள்ளித் திடலுக்கு வந்து பார்க்கலாம். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் நடுத்திடலில் ஒரு கழியை ஊன்றினார்கள். அதுவே தென் துருவம். ஒரு கிலோமீட்டருக்குப் பதிலாகப் பத்து மீட்டர் என்று வைத்துக்கொண்டு, ஒரு மீட்டர் 59 சென்டிமீட்டர் நீளமுள்ள கயிற்றைக் கழியில் கட்டிச் சுண்ணாம்பால் வட்டம் வரைந்தார்கள். அவ்வட்டத்திலிருந்து பத்து மீட்டர் தள்ளி ஒரு பழைய சாக்கை விரித்துக் ‘கூடாரம்’ என்றார்கள். ஒவ்வொருவராகக் கழியை நோக்கிப் பத்து மீட்டர் சென்று, கழி வலக்கைப் பக்கம் இருக்க வட்டத்தைச் சுற்றி, வந்த வழியே திரும்பிச் சாக்கில் அமர்ந்தார்கள். பிறகு கயிற்றைப் பாதியாக மடித்து இருமுறை சுற்றினார்கள். தலை சுற்றியவர்களும் உண்டு. புரியாதவர் ஒருவரும் இல்லை. ஒரு கழி, ஒரு கயிறு, ஒரு பிடி சுண்ணாம்பு, இவையே செலவு.

அன்று கயிறு பிடித்த மாணவி ஒருத்தி பின்னர் வெளியூரில் நடந்த புதிர்ப் போட்டி ஒன்றில் கலந்துகொண்டாள். இதே கேள்வி வந்தது. கரடி இல்லை, கூடாரம் எங்கே என்பதுதான் கேள்வி. கரடி இருந்திருந்தால் வட துருவம் என்றுதான் சொல்ல வேண்டும். தென் துருவப் பகுதியில் கரடியே கிடையாது. கரடி இல்லாததைக் கவனித்த அவள், “தென் துருவத்திலிருந்து ஏறத்தாழ 1,160 மீட்டர் தொலைவில்” என்று விடையளித்தாள். நடுவர் கையிலிருந்த அட்டையில் ‘வட துருவம்’ என்று இருந்தது. தவறு என்று அறிவித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். எப்படி என்று ஒரு சொல் கேட்டிருந்தால், அப்பிள்ளை தரையிலேயே வரைந்து காட்டியிருப்பாள்.

போன புள்ளிக்காக நாம் வழக்காட வரவில்லை. மறுநாள் பள்ளிக்கு வந்த அவளுடைய தந்தையார் கேட்டதுதான் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. “ஐயா, எல்லாரும் சொல்லுகிற விடையையே இவளும் சொல்லிவிட்டு வந்திருக்கக் கூடாதா?” என்றார். அவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. விடியுமுன் பிரட்டுக்குச் சென்று வரிசையில் நின்று, தண்டல் சொன்ன நிரையில் வேலை செய்து பிழைத்த தலைமுறைகளின் வழியில் வந்தவர் அவர். எதிர்ச் சொல் சொன்னால் அன்றைய பேர் போய்விடும் என்று அஞ்சி வாழ்ந்தவர்களின் பிள்ளைகளுக்கு, அட்டையில் உள்ள விடையே பாதுகாப்பானது என்று தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் அப்பாதுகாப்பை அவருடைய மகளுக்கும் சீதனமாகக் கொடுத்தனுப்ப வேண்டுமா என்பதே நம் கேள்வி.

2021இல் ஆறாம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வு கைவிடப்பட்டபோது, இனி மனனம் குறையும் என்று நாம் எதிர்பார்த்தோம். தேர்வு போயிற்று, பயிற்சி நூல்களும் அவற்றின் கடைசிப் பக்கங்களும் போகவில்லை. பிள்ளையின் விடை நூலில் உள்ளதோடு ஒத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சிவப்பு மையால் கோடிடும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். நேரமில்லை என்பார்கள். ஒரு கேள்விக்குப் புதிய விடை வருவது மாதத்தில் எத்தனை முறை? அதனைக் கேட்க ஐந்து நிமிடம் இல்லையென்றால் மற்ற நிமிடங்கள் எதற்காக?

கணித மேதை ஜார்ஜ் போல்யா, கணக்குகளைத் தீர்க்கும் முறை பற்றி 1945இல் ஒரு நூல் வெளியிட்டார். அதன் 1957ஆம் ஆண்டுப் பதிப்பில் இக்கரடிப் புதிரும் இடம்பெற்றது. வெள்ளைக் கரடி என்று சொல்பவரிடம், அதை மெய்ப்பிக்க முடியுமா என்று அவர் வினவுகிறார். தென் துருவத்து வட்டங்களையும் அங்கேயே கணக்கில் எடுத்துக்கொள்கிறார். நம் மாணவி சொன்ன விடை அறிஞர் ஏற்ற விடைதான் என்பதைப் பெற்றோர்கள் அறிந்துகொள்ளட்டும்.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறோம். வட துருவத்தில் நிலமே இல்லை. 4,000 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள கடலின் மேல் பனி மிதந்து நகர்கிறது. அங்கே கூடாரம் அடித்தவன் நடந்து திரும்புவதற்குள் கூடாரமே சற்று நகர்ந்திருக்கும்! தென் துருவத்தில் நிலம் உண்டு. அதன் மேல் ஏறத்தாழ 2,700 மீட்டர் தடிப்புள்ள பனி. 1911ஆம் ஆண்டு திசம்பர் 14ஆம் நாள் அமுண்ட்சன் குழுவினர் முதன்முதலாக அங்குச் சென்றடைந்தனர். அந்தப் பனியும் ஆண்டுக்குச் சுமார் 10 மீட்டர் நகர்வதால், துருவத்தைக் காட்டும் அடையாளக் கம்பத்தை ஒவ்வொரு சனவரி முதல் நாளும் புதிய இடத்தில் நடுகிறார்கள். நம் வட்டத்தையும் ஆண்டுதோறும் புதிதாகத்தான் வரைய வேண்டியிருக்கும்.

மாணவச் செல்வங்களே, இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுகிறோம். ஒருவன் வடக்கே ஒரு கிலோமீட்டர், கிழக்கே ஒரு கிலோமீட்டர், தெற்கே ஒரு கிலோமீட்டர் நடந்து தன் கூடாரத்துக்கே திரும்பினான். கூடாரம் எங்கே? வாயிலில் கரடி வந்து நிற்கக்கூடுமா? விடையைப் பழைய பந்து ஒன்றின் மேல் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து தலைமையாசிரியர் அறைக்குக் கொண்டு வருக. ஓரிடத்தை மட்டும் குறித்துக் கொண்டு வருபவர்களைத் திரும்ப வகுப்புக்கு அனுப்பிவிடுவோம்.