வளர்ச்சியை எதனால் அளப்பது?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கல்லூரி நாள் விழா வந்துவிட்டால் ஆண்டறிக்கை வாசிக்கப்படும். புதிய கட்டடங்கள் எத்தனை, புதிய பாடப்பிரிவுகள் எத்தனை, புதிதாகச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்கள் வரிசையாக வரும். நாமும் கைதட்டுவோம். பல்கலைக்கழகங்களும் தம் ஓராண்டு வளர்ச்சியை இப்படித்தான் நாட்டுக்குச் சொல்கின்றன. அவை எல்லாம் உண்மையான எண்கள்தாம். ஆனால் எந்த எண்ணைச் சொல்வது, எந்த எண்ணைச் சொல்லாமல் விடுவது என்று முடிவு செய்பவர்கள் மனிதர்களே அன்றோ? இந்த ஐயத்தை நம் அண்டை மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றை முன்வைத்து ஆராய விரும்புகிறேன்.

ஆந்திரம் பிரிக்கப்படாதிருந்த 2008ஆம் ஆண்டில், ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி முதலமைச்சராக இருந்தபோது, அம்மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றி ராஜீவ் காந்தி அறிவுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை நிறுவியது. இவ்வளவு நீண்ட பெயரை அங்கே யாரும் சொல்வதில்லை. 'டிரிபிள் ஐ.டி.' என்றால் ஆடு மேய்ப்பவருக்கும் தெரியும். அதற்கு மூன்று வளாகங்கள் அமைந்தன. கோதாவரிக் கரையில், குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்கப் பெற்றோர் தேடிவரும் சரஸ்வதி கோயில் இருக்கும் பாசர் ஒன்று. மாம்பழத்துக்கும் வீணைக்கும் பெயர்பெற்ற நூஜிவீடு மற்றொன்று. கடப்பா மாவட்டத்து இடுப்புலபாயா மூன்றாவது. தகவல் தொழில்நுட்பம் என்றாலே ஐதராபாத் என்றிருந்த காலத்தில் அந்நகரை விட்டுவிட்டு இவ்வூர்களுக்குப் போனதே ஒரு துணிச்சல் என்பேன்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். சித்தூர் மாவட்டத்தில் வாழ்க்கைப்பட்ட என் அத்தையின் மகள் இடுப்புலபாயாவில் படிக்கிறாள். என் அப்பா செங்கல் சூளையில் வேலை செய்கிறார். அம்மா பீடி சுற்றுகிறார். அத்தை வீட்டிலும் கூலி வேலைதான். இரண்டு குடும்பங்களிலும் பட்டப்படிப்புக்கு வந்த முதல் தலைமுறை நாங்கள் இருவரே. ஆதலால் பொங்கலுக்கு அவர்கள் வரும்போதெல்லாம் எங்கள் பேச்சு படிப்பைப் பற்றியதாகவே இருக்கும். அத்தைக்கு அது பிடிக்காது. "சோறு ஆறுது, அப்புறம் பேசுங்க" என்பார்.

அப்பல்கலைக்கழகத்தின் சிறப்பு அதன் வாயிலில் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்த கிராமத்துப் பிள்ளைகளை அவர்களுடைய பொதுத்தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டே சேர்க்கிறார்கள். நுழைவுத்தேர்வு என்று தனியே ஒன்று இல்லை. (கொரோனாவால் பத்தாம் வகுப்புத் தேர்வு நடவாத 2020, 2021 ஆண்டுகளில் ஆந்திரத்தில் நுழைவுத்தேர்வு வைத்தார்கள், பிறகு பழைய முறைக்கே திரும்பினார்கள்.) சேர்ந்த பிள்ளை விடுதியிலேயே தங்கி ஆறு ஆண்டுகள் படிக்கும். முதல் இரண்டு ஆண்டுகள் நம் மேல்நிலைப் படிப்புக்கு ஒப்பானவை. அடுத்த நான்கும் பி.டெக். அரசுப் பள்ளியில், வீட்டிலிருந்து போய்வந்து படித்தவர்களுக்குப் பத்துக்கு இத்தனை என்று கணக்கிடும் தரப்புள்ளியில் 0.4 கூட்டிக்கொள்ளும் வழக்கமும் ஏற்பட்டது.

பத்தாம் வகுப்பு முடிந்த உடனே ஏன்? இதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். பத்தாவது வரையில் ஏழைப் பிள்ளையும் வசதியுள்ள பிள்ளையும் ஏறத்தாழ ஒரே சாலையில் நடக்கிறார்கள். அதன் பிறகு சாலை பிரிகிறது. வசதியுள்ளவர்கள் பெரிய தனியார் விடுதிப் பள்ளிக்கும் பயிற்சி நிலையத்துக்கும் போகிறார்கள். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து இருவரையும் ஒரே தேர்வில் உட்கார வைத்து, பார், தகுதியுள்ளவன் முன்னே வந்துவிட்டான் என்கிறோம். நான் பத்தாம் வகுப்பில் 500க்கு 458 வாங்கியவன். பிளஸ் ஒன்னில் எங்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் பணியிடம் அரையாண்டுத் தேர்வு வரை காலியாக இருந்தது. வேதியியல் ஆசிரியர் தம்மால் இயன்றவரை இரண்டையும் நடத்தினார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பிளஸ் டூ முடித்து ஓராண்டு அரிசி மண்டியில் எடை போட்டுவிட்டுத்தான் இக்கல்லூரிக்கு வந்தேன். நம் மாநிலம் 2007ஆம் ஆண்டிலேயே பொறியியல் படிப்புக்கான நுழைவுத்தேர்வை ஒழித்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 2020இலும் பொறியியலில் 2021இலும் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கியது. அவற்றால் பயன்பெற்றவர்கள் என் வகுப்புத் தோழர்களிலும் உண்டு. ஆயினும் அவை எல்லாம் சாலை பிரிந்து இரண்டு ஆண்டுகள் ஆன பிறகு திறக்கின்ற கதவுகள். டிரிபிள் ஐ.டி. கதவை முச்சந்தியிலேயே வைத்திருக்கிறது.

இதனால் தரம் குறைந்துவிடும் என்று கூறுவோர் உண்டு. 0.4 கூட்டுவது சலுகையாம், தானமாம். அவர்களை நம் இயற்பியல் ஆய்வகத்துக்கு அழைக்கிறேன். திருகு அளவியில் கம்பியின் விட்டத்தை அளக்கும் முன் நாம் முதலில் பார்ப்பது சுழிப்பிழை இருக்கிறதா என்பதைத்தான். இருந்தால் அதற்குரிய திருத்தத்தைக் கூட்டியோ கழித்தோ எழுதுகிறோம். திருத்தாமல் எழுதிய அளவீட்டைக் கொண்டுபோனால் ஆசிரியர் பதிவேட்டை முகத்துக்கு நேரே நீட்டித் திருப்பித் தந்துவிடுவார். ஓராசிரியர் இரண்டு பாடம் நடத்தும் பள்ளியில் ஒரு பெண் 9.6 எடுத்தால், அதை அப்படியே எழுதிக்கொள்வது சரியான அளவீடு ஆகுமா? திருத்தம் செய்வது தானம் அன்று. அது அளக்கத் தெரிந்தவர்களின் வேலை.

இப்பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தர் ராஜ் ரெட்டி. 1937இல் சித்தூர் மாவட்டத்துக் காட்டூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். அவரும் தம் குடும்பத்தில் கல்லூரி கண்ட முதல் ஆள். நம் கிண்டிப் பொறியியற் கல்லூரியில்தான் 1958இல் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்காவில் மனிதப் பேச்சைக் கணிப்பொறிக்குப் புரியவைக்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்டு, கணிப்பொறி இயலின் மிக உயர்ந்த விருதான டியூரிங் பரிசை 1994இல் பெற்றார். ஆசிய வம்சாவளியினரில் அதை முதலில் பெற்றவர் அவரே. ஒவ்வொரு மாணவர் கையிலும் மடிக்கணினி, அதில் பதிவு செய்த பாட உரைகள், பக்கத்தில் வழிகாட்டிகள் என்பதே தொடக்க காலத் திட்டம். நல்ல ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் கிராமத்துக்கு வரமாட்டார்கள். அவர்கள் குரலாவது வரட்டும் என்ற நினைப்பு. அதை நான் இகழ மாட்டேன். ஆனால் படத்தில் பேசுகிறவருக்கு எதிரே இருப்பவரின் முகம் தெரியாது. தெலுங்கு வழியில் படித்துவிட்டுப் போன என் அத்தை மகள் சொன்னாள்: "முதல் ஆறு மாசம் இங்கிலீஷ் காதுல விழுந்துச்சு, புத்தியில ஏறல. சீனியர் அக்கா ஒருத்தங்க ராத்திரி ராத்திரி உட்கார்ந்து தெலுங்குல சொல்லிக் குடுத்தாங்க." பாடம் எந்த வழியில் வந்தாலும், 'உனக்குப் புரிந்ததா' என்று கேட்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

இனி வளர்ச்சிக் கணக்குக்கு வருவோம். தொடங்கிய ஆண்டிலேயே வளாகத்துக்கு ஏறத்தாழ 2,000 பேரைச் சேர்த்தார்கள். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். முதல்முறையாக வீட்டை விட்டுப் பிரிந்தவர்கள். பின்னர் அந்தச் சேர்க்கையை ஆயிரம் அளவுக்குக் குறைத்தார்கள். எண்ணைப் பார்த்தால் இது தேய்வு. எனக்கோ இதுவே அங்கு நடந்த மெய்யான வளர்ச்சிகளில் ஒன்றாகத் தெரிகிறது. ஒரு வகுப்பறை எத்தனை பேரைத் தாங்கும் என்பதைக் கற்றுக்கொள்வதும் ஒரு கல்விதானே?

முதல் அணியினர் ஆறு ஆண்டுப் படிப்பை முடித்தது 2014இல். அதே ஆண்டு ஜூன் மாதம் மாநிலம் இரண்டாகியது. பாசர் தெலங்கானாவுக்குப் போயிற்று. மற்ற இரண்டும் ஆந்திரத்தில் நின்றன. 2016இல் ஆந்திர அரசு ஓங்கோலிலும் ஸ்ரீகாகுளத்திலும் ஒவ்வொரு வளாகத்தைத் தொடங்கியது. அவ்வாண்டின் வளர்ச்சியை ஓர் அறிக்கையில் எழுதினால் எப்படியிருக்கும்? 'இரண்டு வளாகங்கள் நான்காயின' என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் ஓங்கோல் வளாகத்துப் பிள்ளைகள் படித்தது இடுப்புலபாயாவில். ஸ்ரீகாகுளத்துப் பிள்ளைகள் நூஜிவீட்டில். பெயர்ப்பலகை ஓர் ஊரிலும் பிள்ளைகள் வேறோர் ஊரிலும் இருந்தார்கள். முன்பே இருந்தவர்களின் உணவுக்கூடத்திலும் ஆய்வகத்திலும் புதியவர்களும் பங்கு கேட்க வேண்டியதாயிற்று. இடம் கூட்டுவதை நான் எதிர்க்கவில்லை. எதிர்க்க எனக்கு வாயும் இல்லை. இடம் கூட்டியதால்தான் எங்களைப் போன்றோர் உள்ளே வருகிறோம். நான் கேட்பது வரிசை முறையைப் பற்றி. ஆசிரியரும் அறையும் முதலில் வரவேண்டுமா, அறிவிப்பு முதலில் வரவேண்டுமா?

வரிசை தவறினால் என்ன ஆகும் என்பதை 2022 ஜூன் மாதத்தில் பாசர் மாணவர்கள் காட்டினார்கள். ஏறக்குறைய ஒரு வாரம், வெயிலிலும் மழையிலும் வளாகத்தில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டவற்றைப் பாருங்கள்: நிரந்தரத் துணைவேந்தர், போதிய ஆசிரியர்கள், நல்ல உணவு, மடிக்கணினி, நூலக வசதி. பல்கலைக்கழகம் என்று பெயர் வைத்த அன்றே இருந்திருக்க வேண்டியவை. கல்வி அமைச்சர் சபிதா இந்திரா ரெட்டி நேரில் வந்து பேசிய பின்னரே போராட்டம் முடிந்தது. கிராமத்துப் பிள்ளைகள் நன்றியுள்ளவர்களாக வாய்மூடி இருப்பார்கள் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு அந்த வாரம் கசப்பாக இருந்திருக்கும். என்னைக் கேட்டால், அந்தப் பதினாறு ஆண்டுகளுக்கும் குறைவான பல்கலைக்கழகத்தின் ஆண்டறிக்கையில் அந்தப் போராட்டத்தையும் சாதனைப் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும். கேட்கத் தெரிந்த பிள்ளைகளை அது உருவாக்கியிருக்கிறது.

ஆந்திரத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு நம் வீட்டைப் பாராமல் இருப்பது அழகன்று. 2025ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் 20 விழுக்காடு இடங்கள் கூடுதலாக அனுமதிக்கப்பட்டன. நம் துறையிலும் அப்படிச் சேர்ந்த தம்பி தங்கைகள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் அந்த இடம் இல்லாவிட்டால் என்னைப் போல மண்டிக்கோ, சூளைக்கோ போயிருப்பார்கள். ஆகவே அது நல்ல செய்தி. ஆனால் அவர்கள் உட்காரும் பெஞ்சு தாவரவியல் துறையிலிருந்து கடன் வாங்கியது. ஒரு நிறமாலைமானிக்கு நால்வர் நிற்கிறோம். இருவர் அளக்க, இருவர் பார்த்து எழுதுகிறோம். நமக்குப் பாடம் நடத்துவோரில் பலர் கௌரவ விரிவுரையாளர்கள். அடுத்த ஆண்டும் இருப்போமா என்று தெரியாமலே இந்த ஆண்டுக்கு முழு மனத்தோடு நடத்துகிறார்கள். இதை இம்மலரில் எழுதலாமா என்று நண்பர்கள் தயங்கினார்கள். படிக்கப்போகிறவர்களில் பாதிப்பேர் அந்த ஆசிரியர்கள்தாமே. அவர்களுக்குத் தெரியாததை நான் ஒன்றும் எழுதிவிடவில்லை.

என் வகுப்பில் முதலாண்டு முதல் நாள் 48 பேர் இருந்தோம். இப்போது 41 பேர். போன எழுவரில் இருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். ஒருத்திக்குத் திருமணம் ஆயிற்று. ஒருவன் தந்தை இறந்ததால் அவருடைய ஆட்டோவை ஓட்டுகிறான். காலையில் பேருந்து நிலையத்தில் பார்த்தால் இன்னும் பாடக் குறிப்பு கேட்கிறான். மற்ற மூவரைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. சேர்ந்தவர் எத்தனை என்று ஆண்டறிக்கையில் வரும் வரிக்குக் கீழே, இறுதித் தேர்வு வரை இருந்தவர் எத்தனை, இடையில் நின்றவர் எத்தனை, ஏன் என்று ஒரு பத்தி சேர்க்கவேண்டுமென முதல்வர் அவர்களையும் துறைத்தலைவர் அவர்களையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வீடு வீடாகப் போய் விசாரித்துக் கணக்கெடுத்துத் தர எங்கள் வகுப்பில் எட்டுப் பேர் இப்போதே பெயர் கொடுத்திருக்கிறோம்.